விட்டுப்போன அஞ்சு வரிசை

பொட்டி தட்டுற பொழப்புல ஆறு வருஷமா எக்செல்லோடதான் குடித்தனம். அதனாலயோ என்னவோ, தாமஸ் ஹெர்ண்டன் கதை எத்தனை தடவை படிச்சாலும் அலுக்க மாட்டேங்குது.

2013-ல் ஹெர்ண்டன், அமெரிக்காவில் ஆம்ஹர்ஸ்ட் நகரத்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆராய்ச்சி மாணவர். அப்போ வயசு 28, இப்போ எனக்கு இருக்குற வயசு. வகுப்புல ஒரு வீட்டுப்பாடம்: பேர்போன ஆய்வு ஒண்ணை எடுத்து, அதே விடை வருதான்னு போட்டுப் பாக்கணும். இவர் எடுத்தது கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப்னு ரெண்டு பெரிய தலைங்க 2010-ல் எழுதின கட்டுரை. அரசாங்கக் கடன் ஜிடிபியில 90 சதவீதத்தைத் தாண்டின நாடுகளோட சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம்னு சொன்னது அது. பிரிட்டனின் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அமெரிக்காவின் பால் ரையன் மாதிரி ஆளுங்க செலவை வெட்டணும்னு பேசுறப்போ கை காட்டினது இதைத்தான்.

விடை வரல. பையன் எங்கயோ சொதப்பிட்டான்னுதான் வாத்தியார்களும் நெனச்சாங்க. கடைசியில கட்டுரையாளர்களுக்கே எழுதிக் கேட்டார். ரைன்ஹார்ட் ஷீட்டை அனுப்பியும் வச்சார் (இதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடணும், நம்மாளுங்க சோர்ஸ் கோடைக் கேட்டாலே முறைப்பாங்க). திறந்து பார்த்தா, சராசரி ஃபார்முலா 49-வது வரிசை வரைக்கும் போகணும், 44-லயே நின்னுடுச்சு. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் அஞ்சும் அவுட்!

உண்மையைச் சொன்னா, எக்செல் தப்பு சின்னது. பெரிய வில்லங்கம் வேற இடத்துல. கடன் அதிகமா இருந்தும் வளர்ச்சி இருந்த சில வருஷங்கள் கணக்குலயே வரல. நியூசிலாந்தோட 1951-ங்கிற ஒத்தை வருஷத்துக்கும் பிரிட்டனோட 19 வருஷத்துக்கும் ஒரே எடை. எல்லாத்தையும் சரி பண்ணினா சராசரி பிளஸ் 2.2. மைக்கேல் ஆஷ், ராபர்ட் பொலின்னு ரெண்டு பேராசிரியர்களோட சேர்ந்து ஹெர்ண்டன் இதை வெளியிட்டார். எக்செல் தப்பை அவங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க, மத்ததுக்கு மல்லுக்கட்டினாங்க.

கட்டுரை இல்லாட்டியும் வெட்டுறவங்க வெட்டித்தான் இருப்பாங்கன்னு எனக்குத் தோணும். அது கெடக்கட்டும். என்னைக் குடையுறது ஹெர்ண்டன் கேட்ட அந்தக் கேள்வி.

நாலு வருஷம் முன்ன, க்ளையண்டுக்குப் போற ரிப்போர்ட்ல டோட்டல் இடிச்சுது. ஷீட் போட்டது எங்க லீடு. அவர் போட்டா தப்பா இருக்குமா, நமக்குத்தான் புரியலன்னு மூடி வச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு க்ளையண்டே கண்டுபிடிச்சான். அந்த வருஷம் லீடுக்கு வரவேண்டிய ப்ரமோஷன் வரல.

"நீயும் பார்த்தியேடா, உன் கண்ணுல படலயா?"ன்னு கேட்டார்.

"இல்லண்ணே"ன்னேன்.

இப்ப வேற ஊர்ல வேற கம்பெனியில இருக்கார். தீபாவளிக்கு வாட்ஸப்ல வாழ்த்து வரும், நானும் அனுப்புவேன். அந்த டோட்டலைப் பத்தி இன்னும் சொல்லல.