பின் சீட்டுக்காரி சொன்னால் யார் கேட்கிறார்கள்?

2012-ம் வருஷம், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. என்னுடைய இரண்டு வளையல்களும் அடகுக் கடைக்குப் போயின. அதற்குப் பதிலாக ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது.

"எட்டு வருஷத்து வண்டிதான். ஆனா ஒரே கை ஓட்டினது. என்ஜின் சத்தத்தைக் கேளு, தையல் மிஷின் மாதிரி!" என்று பூரித்துப் போனார் என்னவர். கடைசி ஆறு மாதமாக அது யார் கொட்டகையிலோ சும்மா நின்றிருந்தது என்பதை அவரிடமும் யாரும் சொல்லவில்லை. மாமியார் ஆரத்தி எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லாம் முறைப்படி நடந்தது.

மறுநாள் ஒன்றரை வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். ராஜகோபுரம் தாண்டவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"என்னங்க, வண்டி இடுப்பை ஆட்டிக்கிட்டே போகுதே!"

"நீ ஒரு பக்கமா உட்கார்ந்தா அப்படித்தான் இருக்கும்."

சரி, நம் மேல்தான் தப்பு போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாத ஒன்று பின்னால் இருப்பவளுக்குத் தெரியும். அவர் கையில் ஹேண்டில் பார் இருக்கிறது. வண்டி இழுத்தால் கை தானாகச் சரிசெய்துவிடும். எனக்குப் பிடித்துக்கொள்ளப் பிள்ளையைத் தவிர வேறென்ன இருக்கிறது? பின் சக்கரம் செய்வதெல்லாம் அப்படியே என் முதுகில் ஏறும்.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது எங்கள் வாசல்தான். எங்களுடையது மண் சந்து. ஒரு நாள் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கோலப்பொடி எடுக்க உள்ளே போனேன். அதற்குள் இவர் வண்டியை நேராகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், ஈர மண்ணில் இரண்டு கோடு! முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போனால் ஒரே கோடுதானே விழ வேண்டும்? ஒன்றுக்கொன்று ஒரு விரற்கடை தள்ளி, ஜோடிக் கோலம் போட்ட மாதிரி கிடந்தது. கோலமே போடாமல் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் மெக்கானிக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மெக்கானிக் அண்ணன் குனிந்து பார்த்ததுமே சிரித்தார். பின் சக்கரத்தின் இரு பக்கத்திலும் செயினை இறுக்குவதற்குக் கோடு கோடாக அடையாளம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டுமாம். எங்கள் வண்டியில் இடது பக்கம் இரண்டாவது கோடு, வலது பக்கம் மூன்றாவது. யாரோ செயினை இறுக்கும்போது ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். சக்கரம் கோணலாகவே ஓடியிருக்கிறது. போதாக்குறைக்குப் பின் டயரில் பாதிக் காற்றுதான். ஒருவர் போனால் எவ்வளவு, இருவர் போனால் எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. நாங்கள் இருவருமே அதைப் படித்ததில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. நீங்களே திருப்பிப் பாருங்க அக்கா" என்றார். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை அமுக்கி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினேன். மழைக்காலத்தில் மேஜை டிராயர் பாதியில் தட்டி நிற்குமே, அதுபோல நட்ட நடுவில் 'டக்'கென்று பிடித்தது. உள்ளே இருக்கும் குண்டுகள் ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து குழி பறித்துவிட்டனவாம். கோன் செட் என்று பெயர். மாற்றினோம். ஆட்டம் போய்விட்டது.

ஆட்டம் போனால் என்ன, ஓட்டம் நின்றது! ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் என்ஜின் விக்கி விக்கி அணைந்துவிடும். கால் மணி சும்மா நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். பிளக் மாற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். "அப்ப காயிலாத்தான் இருக்கணும், எழுநூறு ஆகும்" என்றார் மெக்கானிக். அன்றிரவு இவர் சாப்பிடவே இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று ஆண்பிள்ளைகளால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா, சொல்லுங்கள். என் வெறுங்கைகளைப் பார்க்காமல் தட்டைத் தள்ளினார்.

இந்த நிலையில்தான் ஒரு ராத்திரி பிள்ளைக்குக் கடுமையான ஜுரம். தில்லைநகர் டாக்டரிடம் காட்டிவிட்டு, வழியில் பெட்ரோலும் நிறைய நிரப்பிக்கொண்டு திரும்புகிறோம். காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. மணி ஒன்பதரை. பக்கத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. தோளில் பிள்ளை அனலாய்க் கொதிக்கிறது. வழக்கத்தைவிடச் சீக்கிரமே நின்றுவிட்டதே, பெட்ரோலில்தான் ஏமாற்றிவிட்டானோ என்று இவர் டேங்க் மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு. மூடிவிட்டு உதைத்தார், உடனே கிளம்பிவிட்டது! காரணம் யோசிக்க அப்போது யாருக்கு நேரம்? வீடு போய்ச் சேர்ந்தோம்.

இரண்டு நாளில் ஜுரம் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை, புது நல்லெண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டுச் சாய்த்தேன். கொஞ்சம் வந்தது, கடகடவென்று திணறி நின்றுவிட்டது.

"ரெண்டு ஓட்டை போடுடீ. காத்து உள்ளே போனாத்தானே எண்ணெய் வெளியே வரும்?" என்றார் மாமியார்.

கையில் ஆணியோடு அப்படியே நின்றேன். பாலத்தில் கேட்ட அந்தப் பெருமூச்சு!

"என்னங்க, டேங்க் மூடியிலே காத்துப் போக ஓட்டை இருக்கா?"

இவர் சிரிக்கவில்லை. ஈர மண்ணைப் பார்த்த நாளிலிருந்து நான் சொன்னால் சிரிப்பதில்லை. மூடியைச் சற்றே தளர்த்திவிட்டு, தனியாளாக, மெதுவாகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு தடவை போய் வந்தார். (பெட்ரோல் பாதிக்குமேல் இருந்தால் தளும்பும் என்று, பாதி டேங்காகக் குறைந்த பிறகுதான் அனுப்பினேன். பிள்ளையை ஏற்றவில்லை.) வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மெக்கானிக் மூடியைப் பிரித்தார். காற்றுத் துளையில் துருவும் மண்ணும் களிம்பாக அடைத்திருந்தன. வண்டி சும்மா நின்ற ஆறு மாதத்தின் வேலை. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, அதனால்தான் அன்று சீக்கிரம் மூச்சு முட்டியது என்று விளக்கினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பஞ்சர் கடைக் காற்றால் ஊதினார். செலவு இரண்டு டீ.

காயில் பணம் எழுநூறும், இன்னும் கொஞ்சமும் சேர்ந்து, பொங்கலுக்கு ஒரு வளையல் திரும்பி வந்தது. நானும் இப்போது ஒரு பக்கமாக உட்காருவதில்லை. இரு பக்கமும் கால் போட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான். கிளம்பும்போதெல்லாம் இவர் கழுத்தைத் திருப்பி, "பின்னாடி எப்படி இருக்கு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

மாமியாருக்குத்தான் ஒரு குறை. "ரெண்டு ஓட்டைன்னு சொன்னது நான். என்னை எப்போடா சமயபுரம் கூட்டிட்டுப் போகப் போறே?" என்று பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தை வெள்ளிக்கிழமை ஒன்றில் மடிசஞ்சியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். போய் வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.