கையும் கருத்தும்

அரமும் உளியும் பிடிக்கப் பழகுவதற்கு முன்னாளில் ஒரே வழிதான் இருந்தது. இளைஞன் ஒரு கொல்லனையோ தச்சனையோ அடுத்து, பல்லாண்டு ஏவல் செய்து, அவன் கை போகும் போக்கைக் கண்டு கண்டு தானும் பழகுவான். ஆசான் வாய் திறந்து விளக்குவது அரிது. இம்முறையில் வல்லுநர் பலர் தோன்றினர் என்பது உண்மையே. ஆயினும், கணிதமும் இயற்பியலும் உடன் பயில வேண்டிய பொறியியல் மாணவனுக்கு அத்துணைப் பொழுது ஏது?

மாஸ்கோ நகரத்துப் பேரரசத் தொழில்நுட்பக் கல்லூரியின் தலைவர் விக்டர் தெல்லா வோஸ் இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்தார். இசை பயில்வோர் முதல் நாளே கீர்த்தனை பாடுவதில்லை. சரளி வரிசையில் அன்றோ தொடங்குகின்றனர்? கைத்தொழிலுக்கும் அத்தகைய வரிசை உண்டென அவர் கண்டார். 1868 இல் புதிய முறை தொடங்கிற்று. தச்சு, கடைசல், கொல்லுலை, அராவுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை அமைந்தது. மாணவர் எத்தனை பேரோ, அத்தனை இடங்களும் அத்தனை கருவித் தொகுதிகளும் இருந்தன. எளியது முதல் அரியது ஈறாக மாதிரித் துண்டுகள் வரிசைப்படுத்தப்பட்டன. மாணவன் முதலில் துண்டின் படத்தை அளவுடன் வரைவான். பின்னர் அப்படத்தைக் கொண்டு அதனைச் செய்வான். ஒன்று செம்மையாக அமையாத வரையில் அடுத்ததைத் தொட இயலாது. இப்படிகளையெல்லாம் ஏறிய பின்னரே, உண்மையான இயந்திரங்கள் செய்யும் பட்டறைக்குள் அவன் செல்லலாம்.

1876 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த பொருட்காட்சியில் அத்துண்டுகள் வைக்கப்பட்டன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத் தலைவர் ஜான் ரங்கிள் அவற்றைக் கண்டு வியந்து, தம் கழகத்திலும் அத்தகைய பட்டறைகளை அமைப்பித்தார். ஆனால், பயிற்சிப் பகுதியை மட்டுமே அவர் கைக்கொண்டார்; இயந்திரம் செய்யும் பகுதியை விட்டுவிட்டார்.

அதே மாநிலத்து வூஸ்டர் நகரில் 1868 இல் திறக்கப்பெற்ற கல்லூரியோ வேறு வழி சென்றது. அதன் பட்டறையில் செய்த பொருள்கள் விற்பனைக்குச் சென்றன. விலை கொடுத்து வாங்குவோன் குறை பொறுப்பானா? அதனால் மாணவர் கருத்தூன்றி உழைப்பர் என்றனர் அம்முறையை ஆதரித்தோர். எனினும், விலைபோகும் பொருளையே மீண்டும் மீண்டும் செய்ய நேர்ந்தால், கற்க வேண்டியவை பல எஞ்சி நிற்கும் அன்றோ?

தெல்லா வோஸ் இரண்டையும் முன்னும் பின்னுமாக வைத்திருந்தார். பின்னதை உதறியது பெருங்குறையே. இந்நாளிலும் நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர் இரும்புத் தகட்டைச் சதுரமாக அராவி, மற்றொரு தகட்டின் வெட்டில் பொருத்துகின்றனர். வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது இடுக்கில் ஒளிக்கீற்றுத் தெரிந்தால், மீண்டும் அராவ வேண்டும். உள்ளங்கை காய்த்துவிடும். “ஐயா, இத்துண்டு எந்த இயந்திரத்தில் சேரும்?” என்று அவர்களுள் ஒருவன் வினவினால், ஆசிரியர் விடை கூறுவது எளிதன்று.