ஏழு ஜிபியை எங்கய்யா வைக்கிறது?

அம்மாவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு அவங்க சமையல் குறிப்பையெல்லாம் தொகுத்து சின்னதா ஒரு புத்தகம் போடலாம்னு 2024 மே மாசம் உக்காந்தேன். பக்க வடிவமைப்புக்கு டெக்ஸ் லைவ். அதுல இருக்கிற ஸீடெக்ஸ் தமிழை அழகா அடுக்கும். காலையில அச்சகத்துக்குக் கோப்பு குடுக்கணும். முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உபுண்டு உள்ளயே விட மாட்டேங்குது! கடவுச்சொல் அடிச்சா ஒரு செகண்ட் கருப்புத் திரை, திரும்பவும் அதே வாசல்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் டிஎஃப் அடிச்சுப் பார்த்தா, ரூட் பார்ட்டிஷன் நூத்துக்கு நூறு. பரீட்சையில வாங்காததை இதுல வாங்கியாச்சு :)

காரணம் நான்தான். டெக்ஸ் லைவை அவங்க தளத்துலேர்ந்து நேரா இறக்கி நிறுவினா, யூஎஸ்ஆர் லோக்கலுக்குள்ள வருஷத்தோட பேர்ல ஒரு அடைவு போட்டு உக்காரும். முழுசா போட்டா 7 ஜிபிக்கு மேல. அடுத்த வருஷப் பதிப்பு பழசை அழிக்காது, பக்கத்துலயே தனிக்குடித்தனம். என்கிட்ட 2023, 2024 ரெண்டும். ரூட்டுக்கு ஒதுக்கினதோ வெறும் 25 ஜிபி. (ஹோம் தனி பார்ட்டிஷன். அம்மா புத்தகம் அங்க பத்திரமா இருந்தது. அந்த மட்டுக்கும் புத்தி.) 2023ஐ சுடோ போட்டு அழிச்சதும் உள்ள விட்டுது. ரெண்டு மணிக்குக் கோப்பு ரெடி.

நண்பன் கேட்டுட்டு, "பெரிய மென்பொருளை ஆப்ட்ல போடணும்டா"ன்னான். எஃப்ஹெச்எஸ்னு லினக்ஸ் அடைவுகளுக்கு ஒரு விதிமுறை உண்டு, 3.0 பதிப்பு 2015ல வந்தது. அதுப்படி நாமளா நிறுவுறதுக்கு யூஎஸ்ஆர் லோக்கல். சிஸ்டம் அப்டேட் அதுல கை வைக்கக்கூடாது. மூட்டை முடிச்சோட தனி அடைவா வர்ற வெளிப் பொதிகளுக்கு ஆப்ட். கூகுள் குரோம் அங்கதான் போகும். எல்லாம் சரி, என் மெஷின்ல ஆப்ட்டும் அதே ரூட் பார்ட்டிஷன்லதானே இருக்கு? பீரோவை அந்த ரூம்லேர்ந்து இந்த ரூமுக்கு நகர்த்தினா வீடு பெருசாயிடுமா?

இப்ப டெக்ஸ் லைவ் என் ஹோம்ல. நிறுவும்போதே இடத்தை மாத்திக்கலாம், ரூட் அனுமதியும் வேண்டாம். பாத்ல அந்த முகவரியைச் சேர்த்தா வேலை முடிஞ்சுது. பல பேர் புழங்குற மெஷின்னா மட்டும் இப்படிச் செய்யாதீங்க, ஆப்ட்டுக்குன்னு தனியா ஒரு பார்ட்டிஷன் குடுத்துடுங்க.

புத்தகத்தைப் புரட்டிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: "ரசத்துல பெருங்காயத்தை விட்டுட்டியேடா?"