கார்பன் போன கதை

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான். இன்னிக்கு ஒரு மோட்டார் கதை. "ஐயோ டெக்னிக்கல் பதிவா"ன்னு ஓடிடாதீங்க. நடுவுல கொஞ்சம் தியரி வரும், பிடிக்காதவங்க ஒரு பத்தி தாண்டிக்கலாம். மிச்சம் முழுக்க நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தைப் பத்தினது.

எனக்கு ரிமோட் கார் பைத்தியம் உண்டு. பொம்மைக் கடைல விக்கிற கார் இல்லீங்க. நிஜக் கார்ல பத்துல ஒரு பங்கு சைஸ், நாலு வீலும் சுத்தும், சஸ்பென்ஷன், டிஃபரன்ஷியல் எல்லாம் உண்டு, நாமளே ஸ்க்ரூ டிரைவர் வச்சுக் கட்டணும். ஜப்பான்ல டமியா கம்பெனி 1976ல ஒரு போர்ஷே 934ஐ ரேடியோ கன்ட்ரோல் காரா விட்டதுல இருந்து உலகம் முழுக்க இதுக்குன்னு ஒரு கூட்டம் இருக்கு. கோயம்புத்தூர்ல எங்க கூட்டத்துக்கு மொத்தம் ஏழு பேர்.

எங்க ரேஸ் டிராக் ஒரு கல்யாண மண்டபத்தோட பார்க்கிங். மேனேஜர் நல்ல மனுசர். "முகூர்த்தம் இல்லாத ஞாயித்துக்கெழமை வந்து ஓட்டிக்குங்க"ன்னு சொல்லிட்டார். ஆக ஊர்ல எல்லாருக்கும் ஐபிஎல் சீசன், மாம்பழ சீசன்னு இருந்தா, எங்களுக்கு ஆடியும் மார்கழியும்தான் சீசன் :) பழைய பச்சை ஹோஸ் பைப்பை வளைச்சுப் போட்டா டிராக் ரெடி. அஞ்சு நிமிஷ ரேஸ், யார் அதிக சுத்து போடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

எல்லார் கார்லயும் 540ன்னு சொல்ற சாதா வெள்ளி டப்பா மோட்டார்தான். ஜெயிக்கிறது எப்பவும் ஒரே ஆள். நாங்க வைண்டிங் அண்ணன்னு கூப்பிடுவோம். கணபதி பக்கம் காயில் கட்டற கடை வச்சிருக்கார். மிக்ஸி, கிரைண்டர், பம்ப்செட் மோட்டார்னு எல்லாம் அவர் கை பட்டுத்தான் திரும்ப ஓடும். கார் அவரோடது, ஓட்டறது அவர் பொண்ணு, ஏழாங்கிளாஸ். அவர் புது மோட்டாரை அப்படியே போட மாட்டார். ஒரு டம்ளர் தண்ணில மோட்டாரை முக்கி, ரெண்டு பென்டார்ச் செல்லு, அதாவது 3 வோல்ட், குடுத்து கொஞ்ச நேரம் மெதுவா ஓட விடுவார். தண்ணி கறுப்பா மாறும். அப்புறம் ஊதிக் காயவச்சு, ரெண்டு பக்க புஷ்லயும் ஒரு சொட்டு எண்ணெய். பொண்ணு பக்கத்துல உக்காந்து டம்ளரையே பாத்துட்டிருக்கும். நான் படிச்சது ட்ரிபிள்ஈ. பொட்டி தட்டறது வேற விஷயம். "என்னடா இது மோட்டாருக்கு எண்ணெய்க் குளியலா"ன்னு மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன்.

இப்ப தியரி கிளாஸ். அந்த வெள்ளி டப்பா பிரஷ் மோட்டார். உள்ள சுத்தற ஆர்மேச்சர்ல காயில் இருக்கு, சுத்தியும் காந்தம். சுத்தற காயிலுக்கு கரண்ட் எப்படிக் குடுக்கறது? கம்யூட்டேட்டர்னு செம்புத் துண்டுகள் பதிச்ச வளையம் அச்சுலயே இருக்கும், அது மேல ரெண்டு கார்பன் துண்டு ஸ்பிரிங் வச்சு அழுத்திக்கிட்டே இருக்கும். அச்சு சுத்தச் சுத்த, எந்தக் காயிலுக்கு எந்தப் பக்கம் கரண்ட்ங்கறது தானா மாறும். மூளையே தேவையில்லாத அற்புதமான ஐடியா. 1837ல தாமஸ் டேவன்போர்ட் அமெரிக்காவுல பேடன்ட் வாங்கின மோட்டார்லயும் இதே சங்கதிதான். கஷ்டம் என்னன்னா, உரசறதால கார்பன் தேயும், பொறி பறக்கும், கொஞ்சம் வோல்டேஜ் அங்கயே வீணாகும். காயில் நட்டநடுவுல சுத்தறதால அதோட சூடு வெளிய வரவும் வழி கம்மி.

பிரஷ்லெஸ்ல இதை அப்படியே திருப்பிப் போட்டாச்சு. காந்தம் உள்ள சுத்தும், காயில் வெளிய டப்பாவை ஒட்டி அசையாம நிக்கும். சூடு நேரா டப்பாவுக்கு வந்து காத்துல போயிடும். உரசறதுக்கு பேரிங் தவிர ஒண்ணுமில்ல. ஆனா எந்தக் காயிலை எப்ப தட்டி எழுப்பறதுன்னு ஒரு எலக்ட்ரானிக் மூளை முடிவு பண்ணணும். 1962ல வில்சன், ட்ரிக்கின்னு ரெண்டு பேர் இதைப் பத்திக் கட்டுரை எழுதினாங்க. அப்புறம் டிரான்சிஸ்டர் மலிஞ்சு, 80கள்ல நியோடிமியம் காந்தம் வந்து, இன்னிக்கு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வரைக்கும் அதேதான். கடைல பிஎல்டிசி ஃபேன்னு விக்கறாங்களே, அதுவும் இந்தச் சாதிதான். பிரஷ் மோட்டாருக்கு ரெண்டு ஒயர், இதுக்கு மூணு. கிளாஸ் முடிஞ்சது, எழுந்திரிங்க.

போன வருஷ ஆடிக்கு முன்னாடி அப்ரைசல் பணம் கொஞ்சம் வந்துச்சு. கை சும்மா இருக்குமா? ஒரு பிரஷ்லெஸ் செட் வாங்கினேன். மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர் ரெண்டும் சேத்து 5,200 ரூபாய். மோட்டார் 3300 கேவி. அதாவது ஒரு வோல்ட்டுக்கு 3300 சுத்து. 7.4 வோல்ட் லிப்போ பேட்டரி போட்டா லோடு இல்லாம நிமிஷத்துக்கு 24,420 சுத்து. வெள்ளி டப்பா சுமார் 15,000. கணக்குப் போட்டுப் பாத்தே எனக்குத் தூக்கம் வரலை.

ஆடி முதல் ஞாயிறு. சென்சர் இல்லாத மலிவு பிரஷ்லெஸ்ங்கறதால கெளம்பறப்ப கொஞ்சம் திக்கும். ரோட்டர் எந்த நிலையில நிக்குதுன்னு கன்ட்ரோலருக்குத் தெரியாது. அது சுத்த ஆரம்பிச்சு, காயில்ல திரும்ப வர்ற வோல்டேஜைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கும். என் கார் கோட்டுலயே திக்கிட்டு நிக்க, பாப்பாவோட கார் முன்னாடி போயிடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டாவது வளைவு தாண்டினதும் யாரும் சிரிக்கலை. அஞ்சு நிமிஷத்துல பாப்பா 21 சுத்து, நான் 24. பாப்பா ரிமோட்டைக் கீழ வச்சுட்டு அப்பாவைப் பாத்தது. அண்ணன் என் காரைக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, "நல்ல மோட்டாருங்க தம்பி"ன்னு குடுத்துட்டார். நான் அன்னிக்கு வீட்டுக்கு விசில் அடிச்சுக்கிட்டே போனேன்.

ரெண்டாவது ஞாயிறு இன்னும் மூணு பேர் பிரஷ்லெஸ்ஸோட வந்தாங்க. ஒருத்தர் என்னோடதை விடப் பெருசு. மூணாவது ஞாயிறு நான் பேட்டரி மாத்தினேன், 5000 எம்ஏஎச், 50சி. பேப்பர்ல 250 ஆம்பியர் குடுக்குமாம்! கார்ல இருந்த பிளாஸ்டிக் கியர் இதுக்கெல்லாம் சம்மதிக்கலை. ரெண்டு கார் டிஃபரன்ஷியல் பல்லு மழிஞ்சு பாதியில நின்னுச்சு. ஸ்டீல் கியர், அப்புறம் அது இழுக்குதுன்னு பெரிய டிரைவ் ஷாஃப்ட்னு செலவு. வேகம் ஏறினதால செவுத்துல மோதினாலும் சேதம் பெருசு. காலேஜ் பையன் ஒருத்தன் "செமஸ்டர் இருக்குண்ணா"ன்னு நின்னுட்டான். நாலாவது ஞாயிறு வந்தது மூணே பேர். அண்ணனும் பாப்பாவும் ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் வரவே இல்ல.

அதுக்கு அப்புறம் ஆவணி வந்துச்சு, முகூர்த்தம் வந்துச்சு, பார்க்கிங் ஃபுல்லு. நானும் மறந்துட்டேன். புரட்டாசில ஒரு நாள் அம்மா மிக்ஸி நின்னு போச்சு. "கார்பன் போயிருக்கும், போய் மாத்திட்டு வா"ன்னாங்க. வேற கடை தேடிப் போயிருக்கலாம். என்னமோ அண்ணன் கடைக்கே போனேன்.

"வாங்க தம்பி. கார் எப்பிடி ஓடுதுங்க?"

"ஓடுதுங்கண்ணா. நீங்கதான் வர்றதே இல்ல."

"பாப்பாவுக்குப் பரீச்சைங்க."

ஆடியில என்ன பரீச்சைன்னு நான் கேக்கலை. அவர் மிக்ஸியைப் பிரிச்சு ரெண்டு கார்பனையும் எடுத்து என் கையில போட்டார். ஒண்ணு கடலைப்பருப்பு சைஸுக்குத் தேஞ்சிருந்துச்சு. புதுசு போட்டு ஓட விட்டு, உள்ள எட்டிப் பாத்தார். "பொறி சின்னதா, சீரா வருது பாருங்க. இப்படித்தான் இருக்கோணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "ஏனுங்கண்ணா, நீங்களும் ஒரு பிரஷ்லெஸ் போட்டுக்கலாமே?"

"போட்டுக்கலாங்க. அஞ்சாயிரத்த எங்கியாவது பொரட்டிரலாம். அப்பறம் நீங்க அதவிடப் பெருசா ஒண்ணு போடுவீங்க. நானும் போடோணும். அது எங்க போய் நிக்குமுங்க?" மிக்ஸிக்கு ஸ்க்ரூ போட்டுக்கிட்டே மெதுவா சொன்னார். "அதுமில்லாம அந்த மோட்டார்ல நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லைங்க தம்பி. வாங்கி மாட்டுனா ஓடுது. பாப்பாவுக்கு இந்தத் தண்ணில முக்கறது, எண்ணெய் விடறது, இதுதான் சந்தோசம். ஸ்கூல்ல போயி எங்கப்பா மோட்டார்தான் ஃபாஸ்ட்டுனு சொல்லிக்கும்."

150 ரூபாய் வாங்கிக்கிட்டார். நான் மிக்ஸியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி யோசிச்சேன். நான் ஜெயிச்சது 5,200 ரூபாய்ல. அவர் ஜெயிச்சுட்டு இருந்தது ஒரு டம்ளர் தண்ணிலயும் இருபது வருஷக் கைப்பழக்கத்துலயும். என் மோட்டார் அவரோடதை விட எல்லா விதத்துலயும் ஒசத்தி. அதைப் போட்டு நான் ஓட்டினது ரேஸே இல்ல. அஞ்சு நிமிஷம் தனியா முன்னாடி போயிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

வெளிநாட்டு கிளப்புகள்ல இந்தப் பிரச்சினைக்கு ஏற்கனவே வழி இருக்கு. பிரஷ்லெஸ்லயே எல்லாருக்கும் 21.5 டர்ன், 17.5 டர்ன்னு ஒரே காயில் கணக்கு வச்சு, கன்ட்ரோலர்ல டைமிங் ஏத்தற வேலையெல்லாம் நிறுத்திடுவாங்க. நிறுத்தியாச்சுங்கறதுக்கு அடையாளமா அதுல லைட்டு மினுக்கும். நியாயமான ஏற்பாடு, தேய்மானமும் கிடையாது. ஆனா சென்சர் வச்ச மோட்டாரும் அதுக்கேத்த கன்ட்ரோலரும் எங்க ஏழு பேருக்குக் கட்டுப்படி ஆகாது. சரி, எல்லாரும் வெள்ளி டப்பான்னு ரூல் போட்டா? அதுலயும் ஓட்டை உண்டு. ஒரே மாதிரி இருக்கற டப்பாக்களே ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் வித்தியாசமா ஓடும். காசு இருக்கறவன் பத்து வாங்கி, இருக்கறதுலயே வேகமானதைப் பொறுக்கி எடுத்துப்பான்.

அதனால நான் ஏழு வெள்ளி டப்பா வாங்கினேன். ஒண்ணு 700 ரூபாய், மொத்தம் 4,900. (பாவத்துக்குப் பரிகாரம்னு வச்சுக்கோங்க.) நம்பர் போட்டு, முறுக்கு டப்பால போட்டு, எல்லாருக்கும் போன் பண்ணினேன். மோட்டார் பொது. ரேஸ் அன்னிக்குச் சீட்டுக் குலுக்கி எடுக்கணும், முடிஞ்சதும் திரும்ப டப்பாவுல போட்டுடணும். கார்ல பினியன் எல்லாருக்கும் ஒரே பல்லு.

பெருமையா அண்ணன் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. இந்த ரூல்ல என் காசு மட்டுமில்ல, அவர் கையும் கட்டுப்பட்டுப் போச்சு! அவர் பதம் பண்ற மோட்டார் அடுத்த வாரம் வேற எவன் கையிலயோ இருக்கும்.

"நல்லதுங்க தம்பி. ஒண்ணே ஒண்ணு சேத்துக்கலாமுங்களா? சீட்டு எடுத்ததுக்கப்பறம் அரை மணி நேரம் குடுங்க. அவங்கவங்க மோட்டார அவங்கவங்க கையால என்ன வேணாலும் பண்ணிக்கட்டும். காசு குடுத்து எதும் வாங்கிப் போடக் கூடாது. தெரியாதவங்களுக்கு நான் சொல்லித் தர்றேன்."

மார்கழி முதல் ஞாயிறு. பனியில சிமெண்ட் தரை ஈரமா இருந்துச்சு. பக்கத்துக் கோயில்ல வாங்கின பொங்கலைத் தின்னுட்டே வெயில் ஏற வரைக்கும் காத்திருந்தோம். ஏழு பேரும் வந்துட்டாங்க, செமஸ்டர் பையன் உட்பட. எனக்கு 4ம் நம்பர் மோட்டார். மண்டபத்துத் திண்ணைல ஏழு டம்ளர் தண்ணி வரிசையா. என்னோடதுல மோட்டார் ஓடுது, தண்ணி தெளிவாவே இருக்கு. பாப்பா எட்டிப் பாத்துட்டு, "அண்ணா, செல்லு வீக்கு. வேற போடுங்க"ன்னுச்சு. போட்டேன். கொஞ்ச நேரத்துல மெல்லிசா கறுப்புப் புகை மாதிரி கார்பன் தூள் தண்ணில எறங்க ஆரம்பிச்சுது. நாலு வருஷம் மோட்டார் பத்திப் படிச்சிருக்கேன், பிரஷ் வளையத்துக்குப் பொருந்தற வேலையை அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன்.

ரேஸ்ல நான் மூணாவது. பாப்பா ரெண்டாவது, முதல் வந்தவருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு கார் நீளம் கூட இல்ல. கடைசி சுத்து வரைக்கும் யாரு ஜெயிப்பாங்கன்னு தெரியாம மண்டபத்து வாட்ச்மேன் கூடக் கத்திக்கிட்டு இருந்தார்.

பிரஷ்லெஸ் தூக்கிப் போட்டுட்டேனான்னு கேக்காதீங்க. தனியா மைதானத்துல புழுதி கெளப்ப அதுக்கு ஈடு கிடையாது. பிரஷ் தேயுமேன்னு கவலை இல்ல, சார்ஜும் நிறைய நேரம் தாங்கும். நீங்க தனியா ஓட்டப் போறீங்கன்னா கண்ணை மூடிட்டு பிரஷ்லெஸ் வாங்குங்க. நாலு பேர் சேந்து கம்மி காசுல ரேஸ் ஓட்டணும்னா முதல்ல எல்லாரும் உக்காந்து பேசிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. நான் கடைக்குப் போயிட்டு அப்புறம் பேசினேன்.

டிஸ்கி: தண்ணில முக்கற வேலை பிரஷ் மோட்டாருக்கு மட்டும், அதுவும் 3 வோல்ட்ல மட்டும். மிக்ஸியை முக்கிடாதீங்க மக்கா. அப்புறம் அம்மா அடிக்கிற அடிக்கு நான் பொறுப்பில்ல :)