கடல் இருந்த இடத்தில் வானம் பார்ப்பது

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏரிக்கரையில் டிரைபாட்டை விரித்தால், செந்துறைப் பக்கம் முதலில் வரும் கேள்வி "சர்வேயா தம்பி?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. மூன்று கால் ஸ்டாண்டு அரியலூர் மாவட்டத்துக்கு நல்ல சேதி கொண்டுவந்தது குறைவு. சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அளந்தார்கள். ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரிக்கென்று 1990-களில் நிலம் எடுத்தார்கள். நிலம் போனது, திட்டம் வரவேயில்லை. இந்த ஊரில் நின்றுகொண்டு, "நட்சத்திரத்தைப் போட்டோ எடுக்கிறேங்க" என்றால் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்த பெரியவர் ஒருவர் டார்ச் வெளிச்சத்தை என் முகத்திலிருந்து கேமராவுக்கு இறக்கிக்கொண்டு கேட்டார்:

"அதுக்கு எதுக்குத் தம்பி இவ்ளோ தூரம்? உங்க ஊர்ல நட்சத்திரம் இல்லையா?"

"நான் பெரம்பலூருங்க. இருக்கு, ஆனா தெரியமாட்டேங்குது."

"ஊர் பூரா லைட்டப் போட்டு வச்சா எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவரே டார்ச்சை அணைத்தார். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்லவேண்டியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பெரம்பலூரும் அரியலூரும் வானியலுக்குப் பேர்போன ஊர்கள் இல்லை. அதற்குக் காவலூர் இருக்கிறது; ஜவ்வாது மலைமேல் வைணு பாப்பு வானாய்வகமும் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இருக்கின்றன. கொடைக்கானலில் நூறாண்டைத் தாண்டிய சூரிய ஆய்வகம் இருக்கிறது. எங்களுக்கு மலை என்றால் மேற்கு ஓரத்தில் பச்சைமலை. மற்றபடி மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், சிமெண்ட் ஆலை. பாதிக்கு மேல் வானம் பார்த்த பூமி. மேகம் திரண்டால் ஊரே மகிழும். ஏரிக்கரைக்குக் கிளம்பி நிற்கிற நான் மட்டும் முகம் சுளிப்பேன். அதை வெளியில் காட்டிக்கொள்ள முடியாது.

ஆனால் இது வாய்த்த இடம். நாங்கள் இருப்பது ஏறத்தாழ 11 டிகிரி வட அட்சரேகையில். துருவ நட்சத்திரம் வடக்கே 11 டிகிரி உயரத்தில், பனைமரத் தலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்கு ஈடாகத் தெற்கு வானம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. சித்திரையில் இரவு பத்து மணி வாக்கில் தெற்கே பார்த்தால் தென் சிலுவை நிமிர்ந்து நிற்கும். அதற்குச் சற்று மேலே கிழக்குப் பக்கமாக ஒமேகா சென்டாரி, வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். சுமார் 17,000 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு கோடி விண்மீன் வரை திரண்ட கொத்து அது. லண்டன்காரர் எத்தனை லட்சத்துக்குத் தொலைநோக்கி வாங்கினாலும் தன் வீட்டு மாடியிலிருந்து இந்த இரண்டையும் பார்க்க முடியாது. அகத்தியர் என்று நாம் சொல்லும் கனோபஸ்கூட அவருக்கு உதிப்பதில்லை.

படம் எடுப்பதற்குப் பெரிய சாமான் ஒன்றும் வேண்டாம். பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 50 எம்எம் லென்ஸ், ஆடாத ஸ்டாண்டு, இவை போதும். கஷ்டமெல்லாம் ஃபோகஸில்தான். லென்ஸில் முடிவிலிக் குறி போட்டிருப்பார்கள். அதை நம்பக் கூடாது. பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, வளையத்தை மயிரிழை அளவு அங்கும் இங்கும் திருப்பி, ஊதிய பொட்டு ஊசிமுனையாகச் சுருங்கும் இடத்தில் நிறுத்தி, அந்த வளையத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட வேண்டும். பிறகு கைபடாமல் ரிமோட்டில் எடுக்க வேண்டும். பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி திரும்புகிறது. அதனால் என் கேமராவில், இந்த லென்ஸில், ஆறு விநாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் கோடாக இழுத்துக்கொள்ளும். ஆறு விநாடிப் படம் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் இருட்டும் மணல் மணலான இரைச்சலும்தான் தெரியும். அப்படி நூறு படம் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் பத்தில் ஒன்றாகத் தணிகிறது. படங்களை நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பொருத்தி அடுக்குவதால் நட்சத்திர ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழுகிறது, அது நிலைக்கிறது. இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறுவது. அது சராசரியில் கரைகிறது. அடுக்கித் தரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மார்கழிப் பனி லென்ஸில் படர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

நம் கண் ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. இருட்டுக்குப் பழகிய பிறகு ஆறு விநாடி பார்த்தாலும் ஆறு நிமிடம் பார்த்தாலும் அதே அளவுதான் தெரியும். கேமரா சேர்த்து வைக்கும். கண்ணுக்குச் சாம்பல் புகையாகத் தெரியும் ஓரியன் நெபுலா படத்தில் இளஞ்சிவப்பாக விரிவது அதனால்தான். அந்த நிறம் கணினியில் பூசியதில்லை. ஹைட்ரஜன் வாயுவின் சொந்த நிறம்.

கேமரா சேர்ப்பது எப்போதோ கிளம்பி வந்த பழைய ஒளி. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இப்படிப் பழைய சாமானைச் சேர்க்கும் பழக்கம் புதிதில்லை. இது கடல் இருந்த இடம். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே வந்த கடல், ஏறியும் இறங்கியும், 6 கோடி ஆண்டு வாக்கில் விலகிப் போனது. மழை பெய்து ஓடை அறுத்துக்கொண்டு போன மறுநாள் காட்டில் நடந்தால் சிப்பி கிடைக்கும். சுரங்கத்துப் பக்கம் அம்மோனைட்டு என்ற பழங்காலக் கடலுயிரியின் சுருள் சுருளான படிவம் கிடைக்கும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள மரம் ஒன்று முழுக்கக் கல்லாகிப் படுத்திருக்கிறது. புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்குக் காட்டினார். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. இந்தப் பாறைகளை முதலில் முறையாகப் பிரித்து 1862-இல் எழுதியவர் எச். எஃப். பிளான்ஃபோர்டு. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வகுத்த பிரிவுகள் இன்றும் உலகப் பாடநூல்களில் நிற்கின்றன. அதே மனிதர்தான் 1875-இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். எங்கள் மண்ணைக் குனிந்து பார்த்தவர் பிறகு நிமிர்ந்து மேகத்தைப் பார்க்கப் போனார்.

குனிவதும் நிமிர்வதும் ஒரே காரியம் என்று எனக்குப் பட ஆரம்பித்தது ஃபோர்னாக்ஸ் கொத்தைப் படம் எடுத்தபோது. பொங்கல் சமயத்தில் இரவு எட்டு மணிக்குத் தெற்கே, அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவே வரும் ஒரு வெற்றுப் பகுதி அது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அங்கேதான் பல விண்மீன் மண்டலங்கள் கூட்டமாக இருக்கின்றன, சுமார் 6.2 கோடி ஒளியாண்டுத் தூரத்தில். இதற்கு நீண்ட லென்ஸும், வானம் சுழலும் வேகத்துக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் சின்ன மோட்டாரும் தேவை. அந்த மோட்டாரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைத்தால்தான் அது சரியாகத் திரும்பும். நம் ஊரில் அந்த நட்சத்திரமோ புழுதியிலும் மரத்திலும் மறைந்துகொள்ளும். தெற்கு திறந்திருப்பதற்கு வடக்கில் நாம் கட்டும் வரி இது. எல்லாம் முடிந்து படங்களை அடுக்கியபோது, நட்சத்திரப் புள்ளிகளுக்கு நடுவே சில சாம்பல் பொட்டுகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றுக்குச் சின்னதாக இரண்டு சுருள் கை.

அந்த ஒளி கிளம்பிய காலத்தை இந்த மண்ணிலேயே கையால் தொடலாம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் ஒரு விண்கல் மோதியது; டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்தன. அதற்கு முந்தைய காலத்து டைனோசர் எலும்புகள் கல்லமேட்டில் கிடைத்திருக்கின்றன. அழிவுக்குப் பிறகு, மிச்சமிருந்த ஆழமில்லாக் கடலில் படிந்தது நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். அது படிந்துகொண்டிருந்த காலத்தில் ஃபோர்னாக்ஸிலிருந்து கிளம்பிய ஒளிதான் என் கேமராவில் வந்து விழுந்தது. ஒளி வழியில் இருந்த அத்தனை காலமும் அந்தக் கல் இங்கேயே கிடந்தது. ஒளியாண்டு என்றால் தலை சுற்றுகிறது என்பவர்களை நான் நின்னியூருக்கு அழைத்துப் போவேன். கோடி ஆண்டு என்பது அங்கே வெறும் எண் இல்லை. காலில் இடறும் கல்.

இவ்வளவு பெரிய கணக்கு வேண்டாம் என்றால் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் நவக்கிரகங்கள் தனித்தனியாக இல்லை; ஒரே கல்லில், தாமரை வடிவில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோயிலைக் கட்டிய ராஜேந்திர சோழன் பிறந்தது ஆடித் திருவாதிரையில். இப்போது அரசு விழாவாகவே கொண்டாடுகிறார்கள். திருவாதிரை என்பது ஓரியனின் தோளில் சிவப்பாக எரியும் பெட்டல்ஜூஸ். 2019 கடைசியில் அது மங்க ஆரம்பித்தது. 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் பாதிக்கும் கீழே இறங்கி, மறுதோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. அது வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பிறகு விளக்கினார்கள். அந்த மாதங்களில் சாதாரண கேமராவோடு வெளியே போனவர்களின் படமெல்லாம் ஆவணமாகிவிட்டது. இந்தப் பொழுதுபோக்கில் அழகான படத்தைவிடத் தேதி போட்ட படத்துக்கு மதிப்பு அதிகம். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீன் ஒளி மாறுவது என்று 1867-இல் கண்டதும் இப்படி விடாமல் குறித்துவைத்ததால்தான்.

திருவாதிரை ஒருநாள் வெடிக்கத்தான் போகிறது. நம் காலத்தில் என்று சொல்லிவிட முடியாது. வெடித்தால் பகலிலும் தெரியும். அப்படி ஒன்று ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1054 ஜூலையில் ரிஷப ராசியில் வெடித்த விண்மீன் 23 நாள் பகல் வெளிச்சத்திலும் தெரிந்தது என்று சீனர்கள் எழுதி வைத்தார்கள். அப்போது கங்கைகொண்ட சோழபுரம் தலைநகரம். ராஜேந்திரன் மறைந்து பத்தாண்டு. அந்த வெடிப்பின் மிச்சமான நண்டு நெபுலா தை மாத இரவில் எங்கள் தலை உச்சிக்குப் பக்கமாகக் கடந்து போகிறது. சிறிய லென்ஸில் நகக்கீறல் அளவுதான் பதியும். ஆனாலும் பதியும்.

பதியாமல் போகிற நாள் தூரத்தில் இல்லை என்பதுதான் கவலை. செந்துறை ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் மேற்கே சிமெண்ட் ஆலைகளின் வெளிச்சம் அடிவானத்தை வெளுக்கிறது. வடகிழக்கே நெய்வேலி. பெரம்பலூரில் நெடுஞ்சாலையும் டோல்கேட்டும். இப்போது கிராமத்துத் தெருவெல்லாம் வெள்ளை எல்இடி; நீலம் கலந்த வெளிச்சம் காற்றில் அதிகம் சிதறி வானத்தையே பால்போல் ஆக்குகிறது. விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கும், வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்கிறவருக்கும் வெளிச்சம் வேண்டும். தரையில் வேண்டும். மேல்நோக்கிப் போகிற வெளிச்சத்தால் யாருக்கும் பயனில்லை. அதற்கும் சேர்த்துத்தான் மின்கட்டணம் கட்டுகிறோம். லடாக்கில் ஹன்லே சுற்றுவட்டாரத்தை 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவித்தபோது ஊரை இருட்டில் தள்ளவில்லை. விளக்குகளை மறைத்துக் கீழே திருப்பினார்கள். கிராமத்தார் சிலருக்குத் தொலைநோக்கி கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். வானம் பார்க்க வருகிறவர்களால் அவர்களுக்கு வருமானம் வருகிறது.

இருட்டைப் பற்றி ஒரு நல்ல விஷயமும் உண்டு. 2012-இல் மின்வெட்டு நாளெல்லாம் வாட்டியபோது மொட்டை மாடியில் பாயோடு படுத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கரண்ட் போன அந்த நிமிடமே பால்வீதி வந்துவிட்டது. ஆறு கெட்டால் சுத்தம் செய்யத் தலைமுறை ஆகும். சுரங்கத்தில் வெட்டி அரைத்த சுண்ணாம்புக்கல் திரும்பாது. அதோடு போன சிப்பியும் அம்மோனைட்டும் திரும்பா. வானம் அப்படி இல்லை. எதுவும் அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறது.

எங்கள் மாவட்டங்களில் கிராம சபைக்கு வரும் மனுக்களில் தெருவிளக்கு கேட்கும் மனுவுக்குக் குறைவே இருக்காது. கேட்கட்டும். அடுத்த மே 1 கூட்டத்தில் நானும் ஒன்று கொடுக்கப் போகிறேன்: ஏரிக்கரைக் கம்பத்து விளக்குக்கு மேலே ஒரு தகர மூடி. செலவு சில நூறு ரூபாய். வெளிச்சம் பாதையில் முன்பைவிடக் கூடுதலாகவே விழும்.