ஆறு அங்குலம், பத்து அங்குலம்

அப்பா ஒரே புத்தகத்தை மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதை நான் போன பொங்கலுக்குத்தான் கவனித்தேன். தீபாவளிக்குக் கோவில்பட்டி போனபோது ஜன்னல் திட்டில் பார்த்த அதே புத்தகம். உள்ளே செருகியிருந்த பஸ் டிக்கெட் இருபது பக்கம்கூட நகரவில்லை. வாரத்துக்கு மூன்று நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்துவந்து முடிக்கிற மனிதர் அவர்.

"காலைல பத்துலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வெளிச்சம் நல்லா இருக்கும்லா, அப்ப மட்டும் படிக்கேன்" என்றார்.

வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இடது கண்ணில் சர்க்கரை விழித்திரையைத் தொட்டுவிட்டது. ஊசி போட்டு இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போன பார்வை திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதையும் அம்மாதான் சொன்னாள்.

பிரச்சினை என்று ஒன்று வந்தால் என் கை முதலில் எக்செல்லைத்தான் திறக்கும். எனக்கும் ஒரு புதிய மின்வாசிப்பான் வாங்கும் யோசனை இருந்தது. எட்டு வருடமாக ஒரு ஆறு அங்குலக் கருவிதான் எனக்கு ரயில் துணை. இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் எல்லோரும் விளக்கை அணைத்த பிறகு, மேல் பெர்த்தில் யாரையும் தொந்தரவு செய்யாமல் படிப்பேன். கைக்குள் அடங்கும், இருநூறு கிராம்தான் இருக்கும். அதை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு நான் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று.

டேப்லெட் வேண்டாம் என்பதில் மட்டும் தெளிவாக இருந்தேன். அதன் ஒளி திரைக்குப் பின்னாலிருந்து நேரே கண்ணுக்கு வருகிறது. மின்மைத் திரையில் அப்படி இல்லை. நுண்ணிய குமிழிகளுக்குள் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் எதிரெதிர் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. மின்புலம் மாறும்போது ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். அப்படியே நின்றுவிடும். பக்கத்தைத் திருப்பும்போதுதான் மின்சாரம் செலவு, அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. அறை வெளிச்சம் அதன்மேல் பட்டுத் திரும்புவதைத்தான் நாம் படிக்கிறோம், காகிதத்தில் போலவே. வெளிச்சம் போதாவிட்டால் ஓரத்திலிருந்து திரையின் முகத்தில் ஒளி பரப்பும் விளக்கு இருக்கிறது. பத்து மணி வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அன்று மாலையே சோதித்துப் பார்த்தோம். மதுரைத் திட்டத்திலிருந்து புதுமைப்பித்தன் கதைகளை ஏற்றி, எழுத்தை அவருக்குத் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். வரிக்கு இரண்டு சொல் நின்றது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை அல்லவா? 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்' போல ஒன்று வந்தால் வரியில் அடங்காமல் நடுவில் உடைந்தது. அப்பா பத்து நிமிடம் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியுதுடே. ஆனா ஒரு வாக்கியம் முடியுறதுக்குள்ள மூணு தடவ திருப்பணும். முன்னாடி என்ன சொன்னான்னே மறந்துபோவுது."

அதோடு, அவர் படிக்க நினைத்தது வேறு. அலமாரியிலிருந்து அவரே ஒரு பட்டியல் எடுத்து வைத்திருந்தார். இருபத்து மூன்று புத்தகங்கள். அப்பா தீப்பெட்டி ஆலையில் கணக்கு எழுதியவர், சங்கத்தில் இருந்தவர். பட்டியலில் பாதி, மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகள். எல்லாமே ஏற்கெனவே படித்தவை. ஏன் புதிதாக ஒன்றுகூட இல்லை என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அவற்றை மின்னூலாகத் தேடி அலைவதைவிட நாமே படமெடுத்துவிடலாம். ஆனால் படமெடுத்த பக்கத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது, பக்கத்தோடு சேர்த்துத்தான் பெரிதாகும். இங்கேதான் என் எக்செல் உதவியது. டெம்மி அளவுப் புத்தகம் ஏறக்குறைய 21.5 செ.மீ. உயரம், 14 செ.மீ. அகலம். ஆறு அங்குலத் திரையோ 12 செ.மீ. உயரம், 9 செ.மீ. அகலம். முழுப் பக்கத்தையும் அதில் அடைத்தால் 11 புள்ளி எழுத்து 6 புள்ளியாகச் சுருங்கும். மளிகைப் பாக்கெட்டின் பின்பக்க எழுத்து. எனக்கே கண் வலிக்கும். 7.8 அங்குலத்தில் முக்கால் அளவு. 10.3 அங்குலத்தில்தான் பக்கம் ஏறக்குறைய அசல் அளவுக்கு வருகிறது.

அசல் அளவு அப்பாவுக்குப் போதாது. அதற்கு ஒரு எளிய வழி இருந்தது. 10.3 அங்குலத் திரையைப் படுக்கவாட்டில் திருப்பினால் அகலம் 21 செ.மீ. புத்தகத்தின் நான்கு பக்க வெள்ளை ஓரத்தையும் வெட்டிவிட்டால் அச்சுப் பரப்பு 10.5 செ.மீ.தான் இருக்கும். ஆக எழுத்து சரியாக இரண்டு மடங்கு. ஒரு பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு தடவை தட்ட வேண்டும், ஆனால் வரிக்கு ஆறேழு சொல் அப்படியே நிற்கும், எதுவும் உடையாது. எழுத்தும் அவருக்குப் பழகிய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு அச்சான புத்தகங்களில் 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கையோடு இருக்கும். அந்த வடிவத்தில்தான் அவர் படிக்கக் கற்றார்.

கடைகளின் கணக்கோடு கட்டிப்போடாத கருவியாகவும் தேடினேன். 2009ல் அமேசான், உரிமைச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெலின் '1984' பிரதிகளை அவர்களுடைய கிண்டிலிலிருந்து அழித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வீட்டுக்குள்ள வந்து அலமாரியத் தொறந்து எடுத்துட்டுப் போற மாதிரில்லா இருக்கு" என்றார். கேபிள் செருகி நம் கோப்பை நாமே ஏற்றக்கூடிய ஒன்றாக வாங்கினேன். என் பழைய கருவியைப் போல நான்கு மடங்கு விலை. நானூறு கிராமுக்கு மேல் எடை. ரயிலுக்கு அது சரிப்படாது. அப்பா மடியில் தலையணை வைத்து அதன்மேல் சாய்த்துப் படிக்கிறார், எடை ஒரு பிரச்சினையே இல்லை. எனக்குப் புதிது வாங்கும் திட்டம் அத்தோடு போயிற்று.

படமெடுக்கத்தான் நாளானது. மாசியிலிருந்து ஆடி வரை, ஊருக்குப் போகிற சனி ஞாயிறுகளில் செய்தோம். அவ்வளவு அடிக்கடி நான் ஊருக்குப் போனது கல்லூரி முடித்த பிறகு அதுதான் முதல் தடவை. போனை ஸ்டாண்டில் கவிழ்த்து மாட்டிவிட்டு நான் கிளிக் செய்வேன். அப்பா பக்கத்தைத் திருப்பி, கட்டைவிரலால் ஓரத்தை அமுக்கிப் பிடிப்பார். "இது மதுரைல ஒரு கண்காட்சில வாங்குனது. கையில பஸ்ஸுக்கு மட்டும்தான் காசு இருந்துச்சு." "இது உங்கம்மாவப் பொண்ணு பாக்கப் போனப்ப பையில இருந்துச்சு." பாதிப் புத்தகங்களுக்கு இப்படி ஒரு கதை இருந்தது. ஒன்றுகூட நான் முன்னால் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தோன்றியதும் இல்லை.

சென்னைக்குத் திரும்பி, பக்கங்களைப் பிரித்து ஓரம் வெட்ட ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினேன். அது சரியாகத்தான் வேலை செய்தது, விரல் வருகிற பக்கங்களைத் தவிர. கட்டைவிரலையும் எழுத்து என்று எடுத்துக்கொண்டு ஓரத்தை வெட்டாமல் விட்டுவிட்டது. அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கையால் வெட்டினேன்.

அப்பா இப்போது எட்டாவது புத்தகத்தில் இருக்கிறார். சாயங்காலமும் படிக்கிறார். காய்ந்த விரலைத் திரை சில நேரம் கண்டுகொள்வதில்லை என்று புகார். போன மாதப் பரிசோதனையில் இடது கண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. போனில் "சாப்ட்டியா"வுக்கு அடுத்த கேள்வி இப்போது "அடுத்தது ஏத்திட்டியா?"

வாசிப்பான் வாங்க யோசனை கேட்கும் நண்பர்களிடம் இப்போது மாடல் எதுவும் சொல்வதில்லை. படிக்கப்போகிற புத்தகத்தை முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாருங்கள் என்கிறேன். யாருடைய கண் என்பதையும் கேட்கிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து திரும்பும்போது, மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு என் ஆறு அங்குலக் கருவியில் அந்தப் படங்களில் ஒன்றைத் திறந்தேன், ஓரம் வெட்டாத மூலக் கோப்பு. என் கணக்கு சரிதான், எழுத்து ஒன்றும் படிக்கிற மாதிரி இல்லை. இடது ஓரத்தில் சாம்பல் நிறத்தில் அப்பாவின் கட்டைவிரல் மட்டும் நகத்தோடு தெளிவாகத் தெரிந்தது. விழுப்புரம் வரும்வரை பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.