ஸ்டிக்கர் சோறு

ரேஸ் கார் உடம்பு முழுக்க கம்பெனி பெயர்கள். ‘சும்மா விளம்பரம்தானே’ என்று நினைப்பீர்கள். அமெரிக்காவின் நாஸ்கார் ரேஸில் டிரைவருக்குச் சோறு போடுவதே அந்த ஸ்டிக்கர்தான்.

மார்ட்டின் ட்ரூயெக்ஸ் கதையைக் கேளுங்கள். 2013, ரிச்மண்ட் ரேஸ். இவரை இறுதிக்கட்டத்துக்குள் நுழைக்க, டீம் தில்லுமுல்லு செய்ததாகப் புகார். 3 லட்சம் டாலர் அபராதம். ட்ரூயெக்ஸின் வாய்ப்பும் போச்சு. ‘நாபா’ கம்பெனி ஸ்பான்சரை நிறுத்த, சீட்டும் காலி.

டென்வரில் ஒரே ஒரு கார் வைத்திருந்த சின்ன டீமில் சேர்ந்தார். 2014-ல் 24-வது இடம். போதாக்குறைக்கு காதலிக்குப் புற்றுநோய். அசரவில்லை மனுஷன். அதே டீமில், 2017-ல் 8 ரேஸ் ஜெயித்து சாம்பியன்!

இனி கவலையில்லை என்கிறீர்களா? 2018-ல் இரண்டாவது இடம். ஆனால், பெரிய ஸ்பான்சர் விலகியதால் அந்த வருஷத்தோடு டீமையே மூடிவிட்டார்கள்.

பி.காம். படித்தபோது ஐந்தொகை போடக் கற்றுக்கொடுத்தார்கள். கைத்திறமையை எந்தப் பக்கம் எழுதுவது என்று சொல்லித்தரவில்லை. ட்ரூயெக்ஸிடம் மிஞ்சியது அதுதான். 2019-ல் வேறு டீமில் 7 ரேஸ் ஜெயித்தார்.

உங்கள் ஆபீஸ் போர்டையும் நாளைக்கே கழற்றலாம். கற்ற தொழிலை மட்டும் துருப்பிடிக்க விட்டுடாதீங்க!